தடம் வழிநடத்தும் வாகனங்கள்: புகையிரதமும் வழிகாட்டித் தட பஸ்ஸும்

மாணவர்களே! போக்குவரத்து என்னும் பாடத்தில் வீதியையும் புகையிரதப் பாதையையும் வேறுவேறாகப் படித்திருப்பீர்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முறையொன்று உண்டு. அதுவே வழிகாட்டித் தட பஸ் போக்குவரத்து ஆகும். இலங்கையில் இம்முறை இல்லை. எனினும் நமது மன்னார்ப் புகையிரதப் பாதையைக் கொண்டு அதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

1. புகையிரதம் வளைவது எவ்வாறு?

தலைமன்னாருக்கான பாதை 1914 இல் திறக்கப்பட்டது. 1990 இல் சேவை தடைப்பட்டது. மீளமைக்கப்பட்ட பாதை 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1676 மில்லிமீற்றர் ஆகும்.

புகையிரதச் சாரதி வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்துவார். வண்டியைத் திருப்பும் ஸ்டியரிங் அவரிடம் இல்லை. சில்லின் ஓடும் பரப்பு சற்றுச் சரிவானது. இச்சரிவு சில்லுகளைத் தடத்தின் நடுவே வைத்திருக்கும். சில்லின் உட்புறத்தில் உள்ள உயர்ந்த விளிம்பு அது தடம்புரளாமல் காக்கும்.

2. வழிகாட்டித் தட பஸ்

அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் 1986 இல் இத்தகைய தடம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 12 கிலோமீற்றர். இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் 2011 இல் திறக்கப்பட்டது.

அமைப்பு: பஸ்ஸின் சில்லுகள் இரு கொங்கிறீற்றுப் பட்டிகளின் மேல் ஓடும். பட்டிகளின் வெளியோரங்கள் சுவர்போல் உயர்த்தப்பட்டிருக்கும்.

இயங்கும் முறை: பஸ்ஸின் முன்சில்லுகளுக்கு அருகே, இரு பக்கத்திலும், சிறிய இறப்பர்ச் சில்லொன்று கிடையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அது முன்சில்லைத் திருப்பும் புயத்துடன் இணைந்திருக்கும். தடம் வளையும்போது ஓரச்சுவர் சிறுசில்லைத் தள்ளும். சிறுசில்லு முன்சில்லைத் திருப்பும். தடம் முடிந்ததும் சாரதி ஸ்டியரிங்கைப் பிடித்துச் சாதாரண வீதியில் செல்வார்.

3. நன்மைகளும் குறைபாடுகளும்

நன்மைகள்:
• பஸ் பக்கவாட்டில் விலகாததால் ஒடுங்கிய நிலம் போதும்.
• வீதி நெரிசலில் அகப்படுவதில்லை.
• பயணி வண்டி மாறாமலே தடத்திலிருந்து வீதிக்குச் செல்லலாம்.

குறைபாடுகள்:
• தடம் அமைக்கத் தனிச்செலவு உண்டு.
• பழுதடைந்து நிற்கும் பஸ்ஸைத் தடத்தில் முந்திச் செல்ல முடியாது.

4. முக்கிய கருத்து

தடம் வழிநடத்தும் வாகனம் விலகிச் செல்லாது. எதிரே தடையிருந்தால் சாரதியால் வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். பாரமும் வேகமும் கூடிய புகையிரதம் நிற்பதற்கு நீண்ட தூரம் வேண்டும். ஆகையால் கடவையில் வழிவிட வேண்டியது வீதியில் வருபவரே. 2021 மார்ச்சில் தலைமன்னாரில் தனியார் பஸ்ஸும் புகையிரதமும் மோதியதில் பாடசாலை மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இக்கருத்து பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. கடவையில் நின்று இருபுறமும் பார்த்த பின்னரே கடவுங்கள்.

மாதிரி வினா: புகையிரதத்துக்கும் வழிகாட்டித் தட பஸ்ஸுக்கும் இடையே ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் தருக.

விடைக்குறிப்பு: ஒற்றுமை – இரண்டையும் தடமே திருப்புகிறது. வேற்றுமை – பஸ் தடத்தை விட்டு வீதியிலும் ஓடும், புகையிரதம் ஓடாது.