நாட்குறிப்பில் அகப்பட்ட நோய்

"கரும்பலகை மங்கலாய்த் தெரிகிறது, சிஸ்டர்" என்று போன வாரம் முறையிட்ட மாணவி, இந்த வாரம் கடைசி வரிசையிலிருந்தே எல்லாவற்றையும் பிழையின்றி எழுதிவிட்டால், நாம் என்ன நினைப்போம்? பாடத்திலிருந்து தப்பப் பார்த்தாள் என்றுதானே! பெரும்பாலும் இது மூக்குக் கண்ணாடியோடு தீரும் காரியம். ஆனால் வந்து, தானே மறையும் பார்வைக் கோளாறுக்குப் பின்னால் நரம்பு நோய் மறைந்திருப்பதும் உண்டு.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே. 1822 டிசம்பரில், தந்தையைப் போல் நேசித்த உறவினரைக் காண ஸ்காட்லாந்து சென்றார். போய்ச் சேர்ந்தபோது உறவினர் உயிரோடு இல்லை. அடக்கத்தின்போது கண்ணீரை அடக்கிக்கொண்டார். சில நாட்களில் எழுத்துகள் மங்கின. அவருக்கு வந்த கடிதங்களைப் பிறர் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பிறகு மருந்தேதும் இன்றிப் பார்வை தெளிந்தது.

1827இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அவருக்கு ஒவ்வொரு பொருளும் இரண்டாய்த் தெரிந்தது. மருத்துவர் பித்தம் என்றார். (நம் பாட்டிமாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்!) நெற்றிப்பொட்டில் அட்டை விட்டு இரத்தம் எடுத்தார்கள், பேதிக்கும் வாந்திக்கும் கொடுத்தார்கள். பார்வை சரியாயிற்று. சிகிச்சை பலித்ததென்றே எவரும் நம்புவர். உண்மையில், தானே தணிவது அந்நோயின் இயல்பு. விரைவிலேயே கால்கள் தளர்ந்தன, இடுப்புக்குக் கீழ் மரத்தது. எத்தனையோ மருத்துவர்கள், நீரூற்றுக் குளியல்கள்! 1846 வரை எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதிவைத்தார், 1848இல் இறந்தார். நோயின் பெயர் அவருக்குத் தெரியாமலே போயிற்று. பாரிஸில் ஷார்கோ என்னும் மருத்துவர் அதைத் தனி நோயாக விளக்கியதே 1868இல்தான்.

இதுவே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல் நரம்பிழைகளுக்கு மையலின் என்னும் உறை உண்டு. நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுறையைத் தாக்குகிறது. பார்வை நரம்பில் தாக்கினால் கண் மங்கும். தண்டுவடத்தில் தாக்கினால் கால் மரக்கும். வீக்கம் தணிந்ததும் பெரும்பாலும் குறை நீங்கும். ஆகவே கண்ணுக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒருவர் என்று நோயாளி அலைவார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் இல்லை. 'நடிக்கிறாள்' என்ற பழியும் சேரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

பனியில் சறுக்கி விழுந்து, வாழ்நாளெல்லாம் படுக்கையில் கிடந்த ஹாலந்து நாட்டுப் புனித லிட்வினாவுக்கும் இதுவே வந்திருக்கலாம் என்று மருத்துவர் சிலர் கருதுகின்றனர். அத்தனை நூற்றாண்டு கடந்து உறுதி சொல்ல முடியுமா என்பது எனக்கு ஐயமே.

இன்று எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள தழும்புகளைக் காணலாம். தண்டுவட நீரையும் சோதிப்பார்கள். இதேபோல் தோன்றும் பி12 வைட்டமின் குறைவு முதலியவற்றை முதலில் விலக்கவேண்டும். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் மீண்டும் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வந்துள்ளன. சீக்கிரம் தொடங்கினால் பயன் அதிகம்.

எந்தப் படமும் முந்தைய தாக்குதலின் கதையைச் சொல்லாது. அதை நோயாளிதான் சொல்லவேண்டும். டெஸ்டேயின் நாட்குறிப்பைப் பின்னாளில் படித்த மருத்துவர்களுக்கு நோய் விளங்கியது அத்தேதிகளால்தான். ஆகவே குறித்துவையுங்கள்: மங்கல் ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? (ஒன்றைப் பொத்திப் பார்த்தால் தெரியும்.) கண்ணை அசைத்தால் வலிக்கிறதா? நிறம் வெளுத்துத் தெரிகிறதா? எத்தனை நாள் நீடித்தது? கைகால் எப்போதாவது மரத்ததா? ஒரு கண் திடீரென மங்கினால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். தானே தெளிந்துவிட்டாலும் செல்லவேண்டும், அந்தக் குறிப்பேட்டோடு.