தோட்ட நிலத்துக்கு விண்ணப்பம்

கீரை விதைக்கச் சிறு நிலம் கேட்பதற்கும் முறை உண்டு. இங்கிலாந்தில், 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர் அறுவர் சேர்ந்து எழுதிக் கேட்டால் உள்ளூர் மன்றம் அதை ஆராய்ந்தே தீரவேண்டும். தில்லி மாணவர்க்கு அவ்வுரிமை இல்லை. முன்மாதிரி மட்டும் உண்டு. இராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில் (1948-50), உணவுத் தட்டுப்பாடு கண்டு, மாளிகை நிலத்தின் ஒரு பகுதியைத் தானியத்துக்கு ஒதுக்கித் தாமே ஏர் பிடித்தார்.

ஆகவே நண்பர்களே, விடுதிக் காப்பாளருக்குத் தனியாக எழுத வேண்டா, அறுவராகக் கையெழுத்திடுங்கள். இடம், அளவு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைக் குறியுங்கள். வெந்தயக்கீரை, முள்ளங்கி விதைக்க அக்டோபர் ஏற்றது. மனு ஆகஸ்டிலேயே போகட்டும். கோடை விடுமுறையில் நீர் ஊற்றுவது யார் என்று அவர் கேட்கக்கூடும். வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊரில் அது நியாயமான கேள்வியே! ஊருக்குப் போகாத ஒருவர் பெயரை எழுதுங்கள். அப்படி ஒருவரும் இல்லையேல், ஏப்ரலில் நிலத்தைத் திருப்பித் தருவதாக எழுதுங்கள்.