நேராக நிற்காத நெடுவரிசை

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் படிக்கும் மாணவர்கள் விவரங்களை அட்டவணையாகத் திரையில் அச்சிட்டுப் பார்ப்பார்கள். ஆங்கிலப் பெயர்களில் சிக்கல் இல்லை. தமிழ்ப் பெயர்களைத் தந்தால் அடுத்த நெடுவரிசை வரிக்கு வரி தள்ளி நிற்கும். "தமிழ் போட்டா சரியா வராது சார்" என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அந்த எண்ணம் வேரூன்றும் முன் காரணத்தைக் காட்டிவிட வேண்டும்.

திருவண்ணாமலையில் எனக்குக் கைகொடுப்பவை கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள். கிழக்கில் இந்திரன், தெற்கில் யமன், வடமேற்கில் வாயு என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கி, 'எல்ஜஸ்ட்' மூலம் இடப்பக்கம் சீரமைத்து, அடுத்துத் திசையை அச்சிடுகிறோம். இந்திரனுக்குப் பின் ஐந்து வெற்றிடமும் யமனுக்குப் பின் ஏழும் வரவேண்டும். வருவதோ இரண்டும் ஆறும். 'லென்' செயற்கூறு தரும் விடையை எழுத்தெண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் புரியும்:

எழுத்து | லென் | பெயர்
5 | 8 | இந்திரன்
3 | 4 | யமன்
2 | 4 | வாயு
4 | 7 | குபேரன்

பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை. 'ம' ஒரு குறியீடு, 'மா' இரண்டு, 'ம்' என்பதும் இரண்டு. இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்து 'ம' பிறக்கிறது. கணினியிலோ 'ம'வின் மேல் புள்ளி வைத்து மெய் பிறக்கிறது! இந்த இடத்தில் தமிழாசிரியரையும் வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம். எழுத்துக்கு ஒரே குறியீடு தரும் டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. ஆனால் புழக்கத்தில் நிலைத்தது யூனிகோடுதான்.

துணைக்கால், கொம்பு, புள்ளி போன்றவற்றை யூனிகோடு 'எம்' என்று தொடங்கும் வகைகளில் வைத்திருக்கிறது. பைத்தானின் 'யூனிகோடுடேட்டா' தொகுதியில் உள்ள 'கேட்டகரி' செயற்கூறால் அவற்றை இனங்கண்டு, விட்டுவிட்டு எண்ணினால் எழுத்தெண்ணிக்கை கிடைக்கும். பத்திலிருந்து அதைக் கழித்து, அத்தனை வெற்றிடங்களை நாமே சேர்க்கலாம். நான்கைந்து வரி நிரல்தான், மாணவர்களையே எழுதவிடுங்கள். ('க்ஷ' வந்தால் இரண்டாக எண்ணும்.)

அப்போதும் கோடு போட்டாற்போல நிற்காது. 'ர'வும் 'ணை'யும் திரையில் ஒரே அகலம் பிடிப்பதில்லை. மதிப்பெண் பட்டியல் போன்றவற்றுக்கு நான் செய்வது எளிய வழி: மேலே உள்ளதுபோல எண்களை முன்னால் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசி நெடுவரிசையாக்குகிறேன். பெயருக்குப் பின் எதுவும் இல்லாததால் தள்ளிப்போகவும் எதுவும் இல்லை. பெயர் முதலில்தான் வேண்டும் என்றால், காற்புள்ளியிட்ட கோப்பாகச் சேமித்து விரிதாளில் திறக்கச் சொல்கிறேன்.