கழுத்துக் கணுக்களில் புற்று: கேளா ஒலியால் கெட்டித்தன்மை அறிதல்

நம் கழுத்தில் ஏறத்தாழ 300 நிணநீர்க் கணுக்கள் உள்ளன. வாயிலோ தொண்டையிலோ நோய்க்கிருமிகள் புகுந்தால் இவை வீங்குவது இயல்பு. நோய் தணிந்ததும் வீக்கம் வற்றும். ஆனால், புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்துள்ள நம் நாட்டில், வற்றாத வீக்கம் புற்று பரவியதன் அடையாளமாகவும் இருக்கலாம். அவ்வாறு பரவின், நோயாளி பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆதலின், கணுவின் தன்மையைக் காலத்தே அறிதல் இன்றியமையாதது.

புற்றுற்ற கணு பொதுவாகக் கெட்டிப்படும். மருத்துவர் விரலால் அழுத்தி இதனை உணர்வது தொன்றுதொட்ட வழக்கம். ஆயினும், ஆழத்திலுள்ள சிறு கணு விரலுக்குப் புலப்படாது. விரலின் வேலையைக் கேளா ஒலியைக் கொண்டு செய்வதே ‘எலாஸ்டோகிராபி’ என்னும் முறை. 1991-ஆம் ஆண்டில் ஜோனதன் ஓஃபிரும் அவர்தம் குழுவினரும் இதனை விளக்கி வெளியிட்டனர்.

இதில் இருவகை உண்டு. முதல் வகையில், ஒலிக்கருவியைத் தோலின்மீது மெல்ல அழுத்தி, அழுத்துவதற்கு முன்னும் பின்னும் படம் எடுப்பர். பிசைந்த மாவினுள் கூழாங்கல்லைப் புதைத்து அழுத்தினால் மாவு நசுங்கும், கல் நசுங்காது. அவ்வாறே, சூழ்ந்துள்ள தசை நசுங்கும் அளவோடு கணு நசுங்கும் அளவை ஒப்பிட்டு அதன் கெட்டித்தன்மையைக் கணிப்பர்.

இரண்டாம் வகையில், குவிக்கப்பட்ட ஒலித்துடிப்பு ஒன்று திசுவைச் சற்றே தள்ளுகிறது. அதனால் பக்கவாட்டில் எழும் அலையின் வேகத்தைக் கருவி அளக்கிறது. தளர்ந்த கயிற்றைவிட இறுகிய கயிற்றில் அலை விரைந்தோடுவதை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். அலையின் வேகம் விநாடிக்கு 2 மீட்டரானால் திசுவின் விறைப்பு சுமார் 12 கிலோபாஸ்கல். 4 மீட்டரானால் 48 கிலோபாஸ்கல். அதாவது, வேகம் இருமடங்கானால் விறைப்பு நான்மடங்காகும்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. காசநோயால் சுண்ணம் படிந்த கணுவும் கெட்டியாகும். மாறாக, கணுவிலேயே தோன்றும் லிம்போமா மென்மையாக இருக்கக்கூடும். உள்ளே அழுகி நீர்த்த புற்றுக்கணுவும் அவ்வாறே. அருகிலுள்ள தமனியின் துடிப்பும் அளவைக் குலைக்கும். ஆகவே, ஊசியால் உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே முடிவு கூற வேண்டும். எந்தக் கணுவில் ஊசியைச் செலுத்துவது எனத் தேர்வதற்கு இப்படம் துணைபுரியும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை மூன்று: மூன்று வாரங்களுக்கு மேலும் வற்றாத கழுத்து வீக்கம், வலியற்ற கெட்டியான கட்டி, வாயில் ஆறாத புண். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், பற்றுப் போட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். வலியில்லை என்பதாலேயே பலர் காலந்தாழ்த்துகின்றனர். வலியின்மை நலத்தின் அறிகுறியன்று என்பதை மக்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை.