விசில் யாருக்கு விழுகிறது?

கேள்வி: படத்தில் லஞ்சம் வாங்கும் போலீஸைத் திட்டுகிறோம். கைது செய்யாமல் சுட்டுத் தள்ளும் போலீஸுக்கு விசில் அடிக்கிறோம். இருவரும் சட்டத்தை மீறுகிறவர்கள்தானே? ஏன் இந்தப் பாகுபாடு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அருமையான கேள்வி. காசு வாங்கினால் கெட்டவர், வாங்காவிட்டால் நல்லவர் என்பது நம்மில் பலர் போடும் கணக்கு. ஆர்சன் வெல்ஸ் 1958-லேயே ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தில் அதைப் பொய்யாக்கிவிட்டார். குவின்லன் என்ற அதிகாரி பணத்துக்காகப் பொய்வழக்குப் போடுகிறவர் அல்ல. இவன்தான் குற்றவாளி என்று மனதில் பட்டுவிட்டால் ஆதாரத்தைத் தானே வைத்துவிடுவார். சந்தேகத்துக்குள்ளான இளைஞனின் குளியலறையில் ஓர் அட்டைப்பெட்டி. மெக்சிகோ அதிகாரி வர்கஸ் கைதவறி அதைத் தட்டிவிடுகிறார், உள்ளே ஒன்றுமில்லை. சற்று நேரத்தில் அதே பெட்டியிலிருந்து டைனமைட் குச்சிகள் ‘கண்டெடுக்கப்படுகின்றன’.

ஆக, வித்தியாசம் பணத்தில் இல்லை. லஞ்சம் வாங்குகிறவருக்குச் சட்டம் வேண்டும். வழக்குப் போடும் அதிகாரம் கையில் இருப்பதால்தான் அவருக்கு மாமூல், அதாவது மாதாமாதம் தவறாமல் வரும் லஞ்சம், வந்து சேர்கிறது. அவர் எப்போது பிடிபடுவார் என்பதே அந்தக் கதை. வரம்பு மீறுகிறவருக்கோ சட்டமே இடைஞ்சல். விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றையும் அவரே எடுத்துக்கொள்கிறார். அவர் ஆளை மாற்றிப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்பது அங்கே எழ வேண்டிய கேள்வி. பெரும்பாலான படங்களில் அது எழுவதே இல்லை.

காரணம், வில்லன் செய்த கொலையை நாம் முன்பே கண்ணால் பார்த்துவிடுகிறோம். ‘சாமி’ (2003) படத்தின் போலீஸ் நாயகன் ஆறுச்சாமி, வில்லன் பெருமாள் பிச்சையிடம் பணமும் வாங்குகிறார், கடைசியில் அவரைக் கொன்று தலைமறைவு என்று ஊரை நம்பவும் வைக்கிறார். பிச்சையின் அக்கிரமங்களைப் பார்த்துக் கொதித்துப்போன அரங்கம் இரண்டையும் மன்னித்தது. நிஜத்தில் எந்தக் காவல் நிலையத்துக்கும் அப்படி எல்லாவற்றையும் பார்த்த கண் கிடையாது.

வெற்றிமாறன் ‘விசாரணை’யில் (2015) கேமராவை லாக்கப்புக்குள் கொண்டுபோய் வைத்தார். குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளிகள். அவர்கள் திருடவில்லை என்பது நமக்குத் தெரியும். வழக்கை முடிக்க வேண்டும் என்பதற்காக, ஒப்புக்கொள்ளச் சொல்லிப் போலீஸார் அவர்களை அடிக்கிறார்கள். அங்கே ஒவ்வோர் அடியும் நம் மேல் விழுகிறது.

குவின்லன் மாட்டிவிட்ட இளைஞன் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படத்தின் முடிவில் செய்தி வருகிறது. ஆளைச் சரியாகத்தான் பிடித்திருந்தார். அப்படியும் வெல்ஸ் அவரை மன்னிக்கவில்லை. அதுதான் சரி என்பேன்.