கைத்தொலைபேசியும் பிள்ளைகளின் படிப்பும்

எமது தலைமுறையில் பலரின் படிப்பு இடப்பெயர்வால் இடையில் அறுந்தது. காணி போனாலும், வீடு போனாலும், படித்த படிப்பு போகாது என்பதை நாம் பட்டு அறிந்தோம். அதனாலேயே எமது பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று பாடுபடுகிறோம். இன்று அந்தப் படிப்புக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை வந்திருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் வட்ஸ்அப் மூலம் பாடக்குறிப்புகளை அனுப்பினர். நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் பெற்றோர் பலர் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தனர். அது தவறல்ல, அன்று வேறு வழி இருக்கவில்லை. பின்னர் பாடசாலைகள் திறந்தன. ஆனால் தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. பாடம் வந்த அதே வழியால் முகநூலும் டிக்டொக்கும் வந்து சேர்ந்தன.

படிப்பு எவ்வாறு கெடுகிறது?

முதலாவது, நேரம். இந்த நிறுவனங்கள் விளம்பரத்தால் உழைக்கின்றன. பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறதோ அவ்வளவுக்கு அவற்றுக்கு வருமானம். ஆகவே ஒரு காணொளி முடிய அடுத்தது தானாக வருகிறது. பிள்ளையின் மனவுறுதியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

இரண்டாவது, கவனம். ஒருமுறை குழம்பிய மாணவன் மீண்டும் பாடத்தில் ஊன்றுவதற்கு 20 நிமிடம் வரை செல்லலாம் என யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஒரு மணித்தியாலத்தில் தொலைபேசி மூன்று முறை ஒலித்தால் மிஞ்சுவது என்ன?

மூன்றாவது, நித்திரை. 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். நள்ளிரவு வரை திரையைப் பார்த்த பிள்ளை வகுப்பில் விழித்திருந்தாலும் பாடம் மனதில் பதியாது.

யாருக்கு அதிக இழப்பு?

இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பாடசாலைகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2015இல் வெளிவந்தது. பாடசாலையில் தொலைபேசியைத் தடைசெய்தபின் பெறுபேறுகள் உயர்ந்தன. அதிலும் படிப்பில் பின்தங்கிய மாணவரே அதிக பயனடைந்தனர். கெட்டிக்கார மாணவரிடம் பெரிய மாற்றம் இல்லை. பின்தங்கும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க எம்மில் பலரால் முடிவதில்லை. ஆகவே எமது பிள்ளைகளின் இழப்பு இரட்டிப்பாகிறது.

ஆனால் பாடசாலைத் தடை மட்டும் போதாது. அதே நாட்டில் 30 பாடசாலைகளில் நடந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. தடையுள்ள பாடசாலை மாணவருக்கும் தடையில்லாத பாடசாலை மாணவருக்கும் மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. யார் அதிக நேரம் தொலைபேசியில் செலவிட்டார்களோ அவர்களிடமே நித்திரைக் குறைவும் வகுப்பில் குழப்பமும் கூடுதலாகக் காணப்பட்டன. எனவே பொறுப்பு வீட்டுக்கும் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

தொலைபேசியைப் பறித்து உடைப்பது தீர்வல்ல. சிதறிப்போன உறவுகளோடு பேசுவதும், கடந்தகால வினாத்தாள்களைப் பெறுவதும் அதில்தான். குளத்தில் நீர் நிறைந்துவிட்டது என்று நாம் குளக்கட்டை வெட்டிவிடுவதில்லை. துருசைத் திறக்கவும் மூடவும் முறை வைக்கிறோம். இதற்கும் அப்படியே முறை வைப்போம்.

1. மாலையில் இரண்டு மணித்தியாலம் படிப்பு நேரம். அவ்வேளை தொலைபேசி நிறுத்தப்பட்டு வேறிடத்தில் இருக்கட்டும்.

2. இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். அப்பாவின் தொலைபேசியும் அம்மாவின் தொலைபேசியும் அதில் அடங்கும். நாம் கைக்கொள்ளாத சட்டத்தைப் பிள்ளை கைக்கொள்ளாது.

3. 13 வயதுக்கு முன் கணக்குத் திறக்க விடாதீர்கள். முகநூல், டிக்டொக் நிறுவனங்களின் விதியும் அதுவே.

4. வாரம் ஒருமுறையாவது பிள்ளையோடு இருந்து, என்ன பார்க்கிறாய் என்று அன்பாகக் கேளுங்கள். எமக்கு விளங்காததைப் பிள்ளையே விளக்கட்டும்.

5. வீட்டில் இடவசதி இல்லையெனில், ஆலய மண்டபத்திலோ முன்பள்ளியிலோ மாலைப் படிப்பு ஒழுங்கு செய்வோம். பெற்றோர் முறைவைத்துக் காவலிருக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

- நேற்று எமது பிள்ளை எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போனது? எமக்குத் தெரியுமா?
- தொலைபேசியைத் தவிர, பிள்ளைகள் கூடி விளையாட எமது கிராமத்தில் என்ன இருக்கிறது?
- மேற்கூறிய ஐந்தில் எதை இந்த வாரமே தொடங்கலாம்?