வாடகைக்கு ஓடும் வண்டிகளும் இன்ஷியூரன்ஸும்
வேலூர், ஆம்பூர் பகுதிக் குடியானவர்கள் அறிய வேண்டியவை

பாலாற்றின் இருமருங்கிலும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதலும் பாதரட்சை செய்தலும் பெருந்தொழிலாக நடைபெற்று வருகின்றன. இத்தொழிலின் கழிவுநீரால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் கணக்கை, 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தம் தீர்ப்பில் எடுத்துக்காட்டினர். நிலத்தின் வருமானம் குன்றிய கிராமங்களில் டிராக்டரோ, சிறு லாரியோ, வேனோ வாங்கி வாடகைக்கு விடுவது குடியானவர்களுக்கு ஓர் உபதொழிலாக அமைவது இயல்பே. உப்பிட்ட தோல் மூட்டைகளை மண்டியிலிருந்து சாலைக்குக் கொண்டுபோதல், உப்பும் ரசாயனப் பொருள்களும் ஏற்றுதல், பாதரட்சைத் தொழிற்சாலைக்குப் பெண் தொழிலாளரை அழைத்துச் செல்லுதல் ஆகியவை இவ்வேலையில் அடங்கும்.

வண்டி வாடகைக்கு ஓடத் தொடங்கியதும், அதன் இன்ஷியூரன்ஸ் தஸ்தாவேஜில் கண்ட உபயோகமும் உண்மையான உபயோகமும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிடில் விபத்தின் பளு முழுவதும் சொந்தக்காரர் மீது விழுந்து, இறுதியில் அவருடைய நிலத்தையே தொடக்கூடும். அது எவ்வாறு நேரும் என்பதும், அதைத் தடுக்கும் வழியும் இங்கே விளக்கப்படுகின்றன.

சட்டம் விதிப்பது யாது?

இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மோட்டார் வண்டிகளுக்குக் கட்டாய இன்ஷியூரன்ஸ் ஏற்பட்டது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் இதை விதித்தது. அது 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இப்பொழுது அமலிலிருப்பது 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146-ஆம் பிரிவின்படி, இன்ஷியூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுதல் கூடாது. மீறியவருக்கு முதல் தடவை 2,000 ரூபாயும், மறு தடவை 4,000 ரூபாயும் அபராதம் உண்டு. மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

இன்ஷியூரன்ஸ் இருவகைப்படும். ஒன்று, வண்டியினால் பிறருக்கு நேரும் மரணம், காயம், சொத்து நஷ்டம் ஆகியவற்றுக்கு ஈடு செய்வது. இதை மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸ் என்பர். சட்டம் கட்டாயமாக்கியது இதையே. மற்றொன்று, சொந்த வண்டிக்கு நேரும் நஷ்டத்துக்கு ஈடு செய்வது. இது சொந்தக்காரர் விருப்பத்தைப் பொறுத்தது. மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸின் பிரீமியத்தை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கின்றனர். 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதத்தில், வாடகைச் சரக்கு வண்டிகளுக்கு மொத்த எடை 7,500 கிலோ வரை 16,049 ரூபாயும், 12,000 கிலோ வரை 27,186 ரூபாயும், 20,000 கிலோ வரை 35,313 ரூபாயும் விதிக்கப்பட்டன. ஆகையால், மலிவாகத் தருவதாகச் சொல்லி இத்தொகை வெகுவாகக் குறைந்த பாலிஸியை எவரேனும் கொடுத்தால், வண்டியின் வகுப்பு தவறாக எழுதப்பட்டுள்ளதா என்று சந்தேகித்துப் பார்த்தல் நலம்.

விவசாய டிராக்டர் வாடகை வண்டியாகும்போது

விவசாய உபயோகத்துக்கென்று பதிவு செய்து, அதே வகையில் இன்ஷியூர் செய்த டிராக்டருக்குப் பிரீமியம் குறைவு. உழவு, எருவடித்தல், சொந்த விளைபொருளைக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொணர்தல் ஆகியவை அவ்வகையில் அடங்கும். அதே டிராக்டர், டிரெய்லரோடு தோல் மண்டிக்குச் சென்று கூலிக்குச் சரக்கு ஏற்றினால், அது வியாபாரப் போக்குவரத்தாகிறது. அதற்குப் போக்குவரத்து வண்டியாகப் பதிவும், பர்மிட்டும், தகுதிச் சான்றும், சரக்கு வண்டிக்குரிய பாலிஸியும் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறு சரக்கு வண்டிக்குப் பர்மிட்டு வேண்டியதில்லை. எனினும் அதற்கும் இன்ஷியூரன்ஸ் கட்டாயமே.

டிரெய்லரைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வண்டியே. டிராக்டரின் பாலிஸியில் டிரெய்லரின் எண்ணைக் காட்டி, அதற்கும் பிரீமியம் செலுத்தியிருக்க வேண்டும். டிரெய்லர் கவிழ்ந்து ஒருவர் இறந்தபின், அது பாலிஸியில் இல்லை என்று தெரிய வருவது பயனற்றது.

தொழிலாளரை ஏற்றும் வேனுக்கும் இவ்விதியே. தொழிற்சாலையின் சொந்த வண்டி தன் ஆட்களைக் கூலியின்றி ஏற்றினால், அதற்குத் தனியார் சேவை வண்டி என்ற வகையில் பர்மிட்டு உண்டு. குடியானவர் தம் வேனைத் தொழிற்சாலைக்கு மாத வாடகைக்கு விட்டால், அது ஒப்பந்த வண்டியாகும். இரண்டிலும் பாலிஸியில் கண்ட ஆசன எண்ணிக்கையே எல்லை; பிரீமியமும் ஆசனக் கணக்கைத் தழுவியே வாங்கப்படுகிறது.

சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல்

கிராமங்களில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் லாரியிலும் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் உண்டு. இதில் உள்ள அபாயத்தைப் பலர் உணர்வதில்லை. சரக்கின் சொந்தக்காரரோ அவரால் அனுப்பப்பட்டவரோ சரக்குடன் வண்டியில் செல்லலாம் என்று 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. ஆனால் சும்மா ஏறிச் செல்பவருக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி பொறுப்பாளியன்று என்று 2002-ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கிலும், திருத்தத்துக்குப் பிறகும் நிலைமை அதுவே என்று 2004-ஆம் ஆண்டு பல்ஜித் கௌர் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். பின்வந்த சட்டத் திருத்தமும் இவ்வாறு ஏறிச் செல்பவர்களை வெளிப்படையாக விலக்கியுள்ளது.

ஓட்டுநர், கிளீனர், மூட்டை ஏற்றி இறக்கும் கூலியாட்கள் ஆகியோரின் நிலை வேறு. வேலையில் நேரும் காயத்துக்குச் சட்டப்படி எஜமானர் பொறுப்பாளி. அப்பொறுப்பை இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஏற்கும்படி பாலிஸியில் தனிச் சேர்க்கை எழுதிக்கொள்ளலாம். அதில் ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகக் காட்ட வேண்டும். நால்வர் ஏறும் வண்டிக்கு இருவர் என்று எழுதிச் சில்லறை மீத்தல் பின்னர் பெருநஷ்டத்தில் முடியும்.

லைசென்ஸும் பிரீமியமும்

தகுந்த லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, கம்பெனி தன் பொறுப்பை மறுக்கச் சட்டம் இடமளிக்கும் முக்கிய காரணங்களுள் ஒன்று. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை, இலகு மோட்டார் வண்டி லைசென்ஸ் உள்ளவர் தனி அனுமதியின்றியே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு உறுதி செய்தது. இது சிறு லாரிக்காரர்களுக்கு ஆறுதலளிப்பது. ஆனால் கந்தக அமிலம் முதலிய அபாயகரமான பொருளை ஏற்றும் வண்டியின் ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சியும், லைசென்ஸில் அதற்குரிய குறிப்பும் வேண்டும். அத்தகைய பொருள்களைக் கையாள்வோர் 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்பு இன்ஷியூரன்ஸ் சட்டத்துக்கும் உட்பட்டவர். வண்டியில் கொண்டுபோதலும் கையாளுதலில் அடங்கும் என்று அச்சட்டம் கூறுகிறது.

பிரீமியம் கம்பெனியின் கைக்கு வந்த பின்னரே பொறுப்புத் தொடங்கும் என்பது 1938-ஆம் ஆண்டு இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் விதி. ஆகையால் கொடுத்த செக் பணமாயிற்றா என்று பார்த்துக்கொள்வது அவசியம். பழைய வண்டி வாங்கியவர், 14 நாட்களுக்குள் இன்ஷியூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

சொந்த வண்டியும் ஏற்றிய சரக்கும்

சொந்த நஷ்டத்துக்கான பாலிஸியை வாங்குபவர் அது எதை விலக்குகிறது என்பதை முதலில் படிக்க வேண்டும். தேய்மானம், இயந்திரக் கோளாறு ஆகியவற்றுக்கு ஈடு கிடையாது. உப்பிட்ட தோலிலிருந்து வடியும் நீரால் வண்டியின் தளம் துருப்பிடித்தல் இப்பகுதியில் ஏற்படக்கூடிய நஷ்டம்; அது விபத்தன்று, ஆதலால் ஈடும் இல்லை. ஒவ்வொரு நடைக்குப் பின்னும் தளத்தை நல்ல நீரில் கழுவுதலே அதற்குக் காப்பு. வியாபார வண்டிகளில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், வர்ணம் ஆகியவை முழு நஷ்டத்தில் அன்றிச் சாதாரணமாகச் சேரமாட்டா. கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பாட்டரிக்கும் பாதி விலையே கணக்கிடப்படும். பாலிஸி காலாவதியாகி 90 நாட்களுக்கு மேற்பட்டால், முன்னாண்டுகளில் ஈடு கோராததற்காகச் சேர்ந்த தள்ளுபடியும் போய்விடும்.

வண்டியின் பாலிஸி, ஏற்றிய சரக்குக்கு ஈடு செய்யாது. பதனிட்ட தோலும் பாதரட்சையும் விலையுயர்ந்தவை. அவை மழையில் நனைந்தாலோ தீப்பட்டாலோ ஈடு கிடைக்க, சரக்குப் போக்குவரத்து இன்ஷியூரன்ஸ் தனியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் சரக்குக்காரர் எடுத்துள்ளாரா, வண்டிக்காரர் பொறுப்பா என்பதை வாடகை பேசும்போதே எழுத்தில் முடிவு செய்தல் நலம்.

நஷ்டஈடு நிலத்தைத் தொடுவது எவ்வாறு?

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். விவசாயப் பாலிஸி உள்ள டிராக்டர் ஒன்று, கூலிக்குத் தோல் ஏற்றிச் செல்கையில் 30 வயதுள்ள ஒரு தொழிலாளியின் மீது மோதி அவர் இறந்தார் என்று கொள்வோம். அவருடைய மாத வருமானம் 10,000 ரூபாய். அவரை நம்பியிருப்போர் நால்வர். 2009, 2017-ஆம் ஆண்டுகளின் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமானத்துக்கென்று நூற்றுக்கு 40 கூட்டினால் 14,000 ரூபாயாகிறது. இறந்தவரின் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 10,500 ரூபாய். ஓராண்டுக்கு 1,26,000 ரூபாய். அவ்வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆகவே மொத்தம் 21,42,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவையும் வட்டியும் இதற்கு மேல்.

உபயோகம் பாலிஸிக்கு முரணானது என்று கம்பெனி நிரூபித்தால், இத்தொகையைச் சொந்தக்காரரே நேரே செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அல்லது கம்பெனி முதலில் கொடுத்துப் பின்னர் அவரிடமிருந்து வசூலிக்கும்படி உத்தரவிடலாம். இப்பின் முறையை 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கின் தீர்ப்பு விளக்குகிறது. சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பும். கலெக்டர் அத்தொகையை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிப்பார். நிலவரி பாக்கிக்கு ஜப்தியும் ஏலமும் உண்டென்பதைக் குடியானவர் எவரும் அறிவர். பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடித்ததன் முடிவு, பரம்பரை நிலம் ஏலத்துக்கு வருதலாக இருக்கக்கூடும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

விபத்தில் இறந்தவரின் குடும்பத்தாருக்கு உதவுதலும் கிராம அதிகாரிகளின் கடமைக்கு அடுத்ததே. மரணச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை தாமதமின்றிக் கிடைக்க வழிகாட்ட வேண்டும். நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்ததால், காலத்தாழ்வு கூடாது. குற்றம் யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2½ லட்சம் ரூபாயும் கோர 164-ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதையும் ஏழைக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

வண்டிச் சொந்தக்காரர்களுக்குச் சுருக்கக் குறிப்புகள்

1. பாலிஸியில் எழுதிய உபயோகத்தைப் படித்துப் பார்க்கவும். வேலை மாறினால், முதல் நடைக்கு முன்பே பாலிஸியையும் மாற்றவும்.
2. டிரெய்லரின் எண், ஆசன எண்ணிக்கை, கூலியாட்களின் எண்ணிக்கை ஆகியவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும்.
3. ஓட்டுநரின் லைசென்ஸைப் பார்த்து, அதன் நகலை வைத்துக்கொள்ளவும்.
4. சரக்கு வண்டியில் வழிப்போக்கரையும் விருந்தினரையும் ஏற்றாதிருக்கவும்.
5. பாலிஸி, பர்மிட்டு, தகுதிச் சான்று ஆகியவை முடியும் தேதிகளை, கிஸ்தித் தேதியைப் போல வீட்டில் எழுதி வைக்கவும்.
6. விபத்து நேர்ந்தால், காயமுற்றவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பின், போலீஸாருக்கும் கம்பெனிக்கும் உடனே எழுத்து மூலம் அறிவிக்கவும். கம்பெனியின் பரிசோதகர் பார்க்குமுன் வண்டியைப் பழுது பார்க்க வேண்டாம்.

கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் ஆழ்ந்து யோசிக்கும் குடியானவர், வண்டியின் தஸ்தாவேஜையும் அவ்வாறே ஆராய்ந்து பார்ப்பாராயின், அவ்வண்டியின் வாடகை குடும்பத்துக்கு நிலையான வருமானமாக அமையும். நிலமும் அவர் கையிலேயே இருக்கும்.